ஸ்டார் அணைந்த வீடு

ஊரப்பாக்கத்தில் அந்தத் தெருவுக்குக் கரண்ட் விஷயத்தில் கிருபாகரன் சொல்வதுதான் தீர்ப்பு. கம்பெனியில் எலக்ட்ரீஷியன், நானூற்று நாற்பது வோல்ட்டோடு பழகுகிறவன். அப்பேர்ப்பட்டவன் வீட்டுப் பழைய டப்பா டிவியில் டிசம்பர் பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் வெள்ளைக் கோடு கோடாக அடித்தது. படம் துள்ளியது, பாட்டு கரகரத்தது. அவனுக்கு மானமே போனது போலிருந்தது.

மற்ற நாளாக இருந்தால் அவன் மனைவி ரூத் பொறுத்துக்கொண்டிருப்பாள். இன்று ஆறரை மணிக்கு லோக்கல் கேபிளில் அவர்கள் சர்ச்சின் பாடல் நிகழ்ச்சி. ஒரே ஒரு தடவைதான் போடுவார்களாம். அதில் ஒரு சரணத்தை ரூத் தனியாகப் பாடியிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் பாடி அவன் உட்கார்ந்து கேட்டதே இல்லை. ஒன்று ஷிப்ட், இல்லாவிட்டால் தூக்கம். இன்றைக்காவது கேட்கட்டும் என்று ஆசையாக இருந்தாள்.

கிருபாகரன் ஆறேகாலுக்கே வேட்டையைத் தொடங்கிவிட்டான். ஃபிரிட்ஜைப் பிடுங்கினான், ஃபேனை நிறுத்தினான், போன் சார்ஜரைக்கூட விட்டுவைக்கவில்லை. கோடு போகவில்லை. தன் வீட்டில் குற்றமில்லை என்று தீர்மானித்து, மாவரைத்து விற்கும் பக்கத்து வீட்டுத் தனகோடியிடம் போனான்.

"யக்கா, உன் கிரைண்டருதான் என் டிவிய கெடுக்குது. நிறுத்து."

"அரிசி பாதியில கீது அண்ணாத்த. நிறுத்துனா நரநரன்னு பூடும்."

"பத்து நிமிசந்தான். ரூத்து பாடறா."

ரூத் பேரைக் கேட்டதும் தனகோடி நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு டிவி பார்க்க வந்தாள். நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது. கோடு அப்படியே இருந்தது. நம் ஆள் விடுவானா? மாடி வீட்டுத் தண்ணி மோட்டாரைச் சந்தேகித்து மறுபடி கிளம்பினான்.

தனகோடி டிவியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலில் கிருபாகரன் தன் கையால் செய்து தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் ஸ்டார் விட்டுவிட்டு எரிந்தது.

"அண்ணாத்த, இங்க வா! ஸ்டாரு ஒரு தபா மினுக்குனா டிவி ஒரு தபா துள்ளுது. நீ ஊரான் வூட்டுல இன்னாத்த தேடிகினு கீற?"

கிருபாகரனுக்கு முகம் சுண்டிப்போனது. கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பழைய ரிலே ஒன்றை மாட்டி அவனே மினுக்க வைத்தது அது. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் கரண்ட் சாமான். ஸ்டார் பண்டிகை அல்லவா, அதை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"சாவு வுழுந்த வூட்டுலதான் ஸ்டாரு எரியாது" என்று இழுத்தான்.

"அடுத்த சரணம் என்னுது" என்றாள் ரூத். "நீ புடுங்கறியா, நான் புடுங்கட்டுமா?"

பிடுங்கினான். படம் கழுவிவிட்டது போல் தெளிந்தது. திரையில் நீலப் புடவையில் ரூத் கண்ணை மூடிப் பாடினாள். இந்தக் குரலோடு ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்காமல் விட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிளக்கைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ரூத்துக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

தெருக்கோடியில் இருக்கும் அவன் பெரியம்மா சந்திரம்மா, ஸ்டார் அணைந்து இருண்டு கிடந்த வாசலைப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தாள். வாசலில் சிலையாக நிற்கும் கிருபாகரன், உள்ளே அழும் ரூத். வேறென்ன சாட்சி வேண்டும்?

"அய்யோ ரூத்து, உங்கம்மா பூட்டாளாடி!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

கிருபாகரன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

"எல்லாம் உசுரோடதான் கீறாங்க பெரிம்மா. சும்மா இரு. என் பொண்டாட்டி பாடறா, நான் கேக்கணும்."

மீதி இரண்டு வரியை ரூத் டிவியில் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.