எடைமேடை ஏறிய பிரவுசர்

என் கம்ப்யூட்டருக்கு வயது பன்னிரண்டுதான். வேகத்தைப் பார்த்தால் இருநூறு மதிக்கலாம். அதன் விசிறி சுழல ஆரம்பித்தால் ஹெலிகாப்டர் இறங்குகிறதென்று மாடிவீட்டுக்காரர் ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எடுப்பார். பழைய சிஸ்டம் ஓடாதென்று ஆனபோது ரிப்பேர் கடைக்காரர் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். பெட்டி பிழைத்துக்கொண்டது. பிரவுசரைத் திறந்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

அது போதும் என் மகனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தம்புது டேப்லெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"எல்லாம் செட் பண்ணிட்டேம்ப்பா. என் அக்கவுண்ட்லதான் ஓடும். நீங்க என்ன பாக்கறீங்கன்னு எனக்கு போன்ல வந்துடும்."

"எதுக்குடா?"

"பாதுகாப்புக்குத்தான். உங்கள எவனாவது ஏமாத்திட்டா?"

"என்னையா? லாரிக்காரங்க மொத்தப் பேரும் சேர்ந்து ஏமாத்தப் பாத்து தோத்த ஆளுடா நான்!"

உண்மைதான். நான் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏற்றும் சரக்கு குறைவாகத் தெரியட்டுமென்று, காலி லாரியின் எடையைக் கூட்டிக்காட்ட சீட்டுக்கடியில் மச்சானை ஒளித்துவைத்தவனைப் பிடித்திருக்கிறேன். யானையை ஒளித்துவைத்தவனையும் பிடித்தேன் என்றால் என் மனைவி நம்புவதில்லை. அது அவள் கஷ்டம்.

மகன் அடுத்த ஞாயிறுவரை கெடு வைத்தான். வீடியோ காலும், டாக்டரைப் பார்க்க நேரம் பதியும் ஆஸ்பத்திரிப் பக்கமும் திக்காமல் ஓடினால் பெட்டி இருக்கலாம். இல்லாவிட்டால் பழைய சாமான் கடைக்கு. பெட்டி என்னுடையது, மேஜை என்னுடையது, தீர்ப்பு மட்டும் அவனுடையதாம்!

நான் அப்படியொன்றும் ரகசியம் பார்ப்பதில்லை. பழைய லாரிக்காரர்கள் கூடும் ஓர் இணையதளத்தில், முகம் தெரியாத ஒரு மனுஷனோடு டயர் பற்றித் தினமும் சண்டை போடுகிறேன். ஆனாலும் அது என் சண்டை. அதற்கு மேற்பார்வையாளர் எதற்கு?

மறுநாளே பிரவுசர் வேட்டை தொடங்கியது. ஒவ்வொன்றாக இறக்கித் திறந்து, பெட்டியின் நினைவகமான ரேமில் எவ்வளவு இடம் அடைக்கிறதென்று பார்த்தேன். ஏற்கெனவே இருந்த பெரிய பிரவுசர், மூன்று பேர் சீட்டில் காலைப் பரப்பிக்கொண்டு உட்காரும் பயணியைப் போல முக்கால்வாசி ரேமைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு நோஞ்சான் கிடைத்தது. ஊதினால் பறந்துவிடும். நான் துள்ளிய துள்ளலில் நாற்காலியின் கால் ஒன்று ஆட்டங்கண்டது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். தேதி பார்க்காமல் யாரையும் உள்ளே விட மாட்டாள்.

"இதுக்குக் கடைசியா எப்ப அப்டேட் வந்துச்சாம்?"

பார்த்தேன். "ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப இது ஒல்லி இல்லீங்க. செத்துப்போச்சு. ஆறு வருஷமா திருடனுங்க கத்துக்கிட்ட எதுவும் இதுக்குத் தெரியாது. தூக்கிப் போடுங்க."

போட்டேன். அப்டேட் ஒழுங்காக வருகிறவற்றில் மிக லேசானதைப் பிடித்தேன். நாலு பக்கங்களைத் திறந்ததுதான் தாமதம், விளம்பரங்கள் படையெடுத்து வந்தன. மவுஸ் உறைந்தது. ஹெலிகாப்டர் கிளம்பியது.

அவள் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். "ஏங்க, லாரியை எத்தன தடவ எடை போடுவீங்க?"

"காலியா ஒருதடவ, சரக்கோட ஒருதடவ."

"இதை?"

காலியாக மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயல்கூடச் செய்யாத தப்பு!

எல்லாவற்றையும் திரும்ப மேடையேற்றினேன், இந்தத் தடவை சரக்கோடு. காலியில் கொஞ்சம் கனமென்று நான் ஒதுக்கிய ஒன்று ஜெயித்தது. லினக்ஸின் சொந்த மென்பொருள் கிடங்கிலிருந்தே வருவது. அப்டேட்டும் தவறாமல் வருகிறது. விளம்பரத் தடுப்பானை அதில் மாட்டியதும், நாலு பக்கங்களைச் சுமந்துகொண்டு இறகாய் மிதந்தது. நாம் எங்கே போகிறோமென்று பின்தொடர்ந்து வேவு பார்க்கும் விளம்பரக்காரர்களையும் வாசலிலேயே மறித்தது.

ஞாயிறு வந்தது. மகனும் வந்தான். வீடியோ காலில் மருமகள் முகம் பளிச்சென்று தெரிந்தது. "சத்தமே இல்லையே மாமா!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். அடுத்தது ஆஸ்பத்திரிப் பக்கம். சட்டென்று திறந்தது. திறந்து, வேவுக்காரர்களை உள்ளே விட்டால்தான் மேலே போக முடியும் என்று நின்றுகொண்டது.

"பாத்தீங்களாப்பா, நின்னுடுச்சு."

"நிக்கல. அது கேக்குது, நான் தரல."

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசி நேரம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னார்கள்.

"அது வேறப்பா. நம்ம பந்தயப்படி நீங்க தோத்துட்டீங்க."

"சரி, தோத்தேன். பெட்டி இங்கதான் இருக்கும்."

"என்னப்பா இது, அழுகுணி ஆட்டம்!"

"ஆமாடா. என் வீட்ல எனக்கே நீ பரிட்சை வெச்சா அழுகுணி ஆட்டம்தான் ஆடுவேன். உன் போன்ல நீ பாக்கறதெல்லாம் எனக்கு வருமா? வந்தா சொல்லு, இப்பவே பெட்டியக் கடையில போட்டுட்டு வரேன்."

"அதெப்படிப்பா..."

"ஏன், நல்ல யோசனைதானே? செஞ்சு குடுடா," என்றாள் என் மனைவி. "எனக்கும் சேர்த்து வர்ற மாதிரி."

மகனின் காது சிவந்தது. டேப்லெட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் வெற்றிவீரனாகப் பெட்டிமுன் சாய்ந்து உட்கார்ந்தேன். என் மனைவி தோளைத் தட்டினாள்.

"எழுந்திருங்க. எனக்குக் கொஞ்சம் பாக்க வேண்டியிருக்கு."

"என்ன பாக்கப் போற?"

"அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.