எடுத்துட்டேன் என்றான் அஜ்மல்

சனிக்கிழமை மதியம் லேபை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். பூந்தமல்லியில் தஸ்தகீர் பாய் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேப் அது. பகலில் நான் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மாலையில் வேலப்பன்சாவடியில் கிளவுட் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் பாதிதான் முடிந்திருக்கிறது. முடிந்த பாதியும் எனக்குப் புரிந்ததா என்பது வேறு கேள்வி.

லேபின் பழைய சர்வரில் இருப்பதையெல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு, மாற்ற வேண்டும். இதையே தொழிலாகச் செய்யும் லோகநாயகி மேடத்தை பாய் முதலில் அழைத்துப் பேசினார். எது எங்கே இருக்கிறது என்று பார்க்கவே தனக்கு இரண்டு நாள் வேண்டும் என்றார் அவர்.

"பாக்கறதுக்கே ரெண்டு நாளா? நம்ம எழில்தான் அத்த படிக்குதே" என்று பாய் அவரை அனுப்பிவிட்டார்.

என்னால் முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என்னை நம்பி ஒருவர் பேசும்போது எனக்கு அந்த வார்த்தை வருவதில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கிட்னி, தைராய்டு என்று வருடக்கணக்கில் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள். இன்றைய அளவு மட்டும் டாக்டருக்குப் போதாது. போன முறை எவ்வளவு, அதற்கு முன்னால் எவ்வளவு என்று கேட்பார். அந்தப் பழைய ரிப்போர்ட்டுகள் அந்த ஒரு சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லை.

நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் முதலில் கிளவுடுக்குப் போனது. பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டேன். ரிப்போர்ட்டுகள் வேறொரு டிரைவில் இருந்தன. பாயின் அக்கா மகன் அஜ்மல் உள்ளறையில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் கவுன்டரிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அஜ்மல், டி டிரைவ்ல இருக்கிற பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துடு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "எடுத்துட்டேன்."

நான் கிளவுடில் ஒரு பெயரைத் தொட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட் இல்லை. இன்னொரு பெயர். அதிலும் இல்லை. எழுந்து உள்ளே போனேன்.

"எங்க எடுத்து வெச்சிருக்க?"

"வெக்கிறதா? டிரைவு ஃபுல்லா கீதுன்னு காட்டிகினே இருந்துச்சி. நீ எடுக்கச் சொன்ன, எடுத்துட்டேன். இப்ப பாரு, எவ்ளோ எடம் கீது."

"ஸ்கிரீன்ல இருக்கிற குப்பைத் தொட்டியில இருக்கா?"

"அதுலயும் இல்ல. சுத்தமா."

அவன் பெருமையோடு சொன்னான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது.

பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஜ்மல் அதற்குள் சமாளிக்க ஆரம்பித்திருந்தான். "மாமா, அழிச்சத திரும்பக் கொண்டாற சாஃப்ட்வேர் கீது. ஃப்ரீதான். இதுலயே எறக்கி ஓட்டிடலாம்."

"சீக்கிரம் எறக்குடா, இன்னா பாத்துகினு கீற" என்றார் பாய்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. இறக்கலாமா, வேண்டாமா என்று யோசித்தபடி நின்றேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைக்கவே இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. பிறகு லோகநாயகி மேடத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்டார். "சர்வர் ஓடிக்கிட்டு இருக்கா?"

"ஓடுது மேடம். சாஃப்ட்வேர் ஒண்ணு எறக்கப் போறோம்."

"எதையும் எறக்காதீங்க. வயரைப் புடுங்குங்க."

"ஷட்டவுன் பண்ணிட்டா?"

"ஷட்டவுன் வேண்டாம். அப்படியே புடுங்குங்க."

ஓடுகிற சர்வரை ஒருபோதும் அப்படி நிறுத்தக்கூடாது என்பது வகுப்பில் எங்களுக்கு முதல் நாளே சொன்ன பாடம். பாய் என் கையைத் தடுத்தார். "வாணாம்மா. ஓடற மெஷின புடுங்கினா மிச்சம் மீதியும் பூடும். அந்தம்மா தூரத்துல குந்திகினு சொல்றாங்கோ."

போனில் மேடத்தின் குரல் உயரவில்லை. "பாய், அழிச்ச ஃபைல் இன்னும் டிஸ்க்குலதான் இருக்கு. அந்த இடம் காலின்னு மட்டும்தான் மெஷின் நினைக்குது. நீங்க எறக்குற சாஃப்ட்வேர் அது மேலேயே போய் உக்காரும். ஷட்டவுன் பண்ணாலும் எதையாவது எழுதிட்டுத்தான் அணையும். நாம பேசற நேரத்துலயும் எழுதிக்கிட்டுதான் இருக்கு."

அஜ்மலின் விரல் மவுசில் இருந்தது. நான் பாயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செய்திருக்க மாட்டேன். குனிந்து, யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். அறையில் எப்போதும் கேட்கும் இரைச்சல் நின்றது.

"இன்னா புள்ள நீ" என்றார் பாய், மெதுவாக. அது திட்டு இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேடம் கோவில்பதாகையிலிருந்து வந்து சேர மாலை ஆகிவிட்டது. சர்வரைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினார். அதில் எதையும் எழுதாமல், முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேடினார். ஃபைல்களின் பெயர்கள் போய், வெறும் எண்களாக வந்தன. முதல் ஃபைல் திறக்கவில்லை. அஜ்மல் எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டாவது திறந்தது. தாமரைப் படம் போட்ட எங்கள் பழைய லெட்டர்ஹெட், கீழே கிட்னிக்காகப் பார்த்த ஒரு அம்மாவின் கிரியாட்டினின் அளவு. மூன்றாவதும் திறந்தது.

பெரும்பாலானவை வந்துவிட்டன. இந்த வருட ரிப்போர்ட்டுகளில் ஒரு பகுதி வரவில்லை. "அது மேல எழுதிடுச்சு" என்றார் மேடம். எப்போது எழுதியது என்று நான் கேட்கவில்லை.

"இன்னா விட்டுப்போச்சுன்னு எப்பிடி கண்டுபுடிக்கறது?" என்று பாய் கேட்டார்.

"பேர்ப் பட்டியல்தான் கிளவுட்ல இருக்கே. ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்கணும். எழிலும் நானும் பாக்கறோம். ரெண்டு நாள் ஆகும்."

பாய் தலையாட்டினார். அஜ்மலை உள்ளே கூப்பிட்டு, டீ வாங்கிவர அனுப்பினார்.

ரிப்போர்ட் விடுபட்டவர்களில் முதல் பெயர் செங்கல்வராயன். திருவேற்காட்டுக்காரர், கிட்னி நோயாளி. திங்கட்கிழமை அவருக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். நான் பேசுகிறேன் என்று போனை எடுத்தேன். பாய் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"செங்கல்வராயன் சாரா? லேப்லேர்ந்து தஸ்தகீர் பேசறேன். ஒங்க போன ரெண்டு ரிப்போர்ட்டு எங்க கைல பூட்ச்சி சார். அழிச்சிட்டோம். டாக்டர் கேட்டா நானே வந்து சொல்றேன்."

மறுமுனையில் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார். பாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கேட்டுகினுதான் கீறேன் சார்" என்றார். "நீங்க பேசுங்க."