காதுமடல் மட்டும் தெளிவாக விழுந்தது

மூன்று மாதமாகத் தம்பி ஒரு விஷயத்தை விழுங்கிக்கொண்டிருந்தான். அக்கா எடுக்கும் படங்களில் காதுமடலின் ரோமம்கூடத் துல்லியமாக விழுந்தது, கண்கள் மசமசவென்றிருந்தன. முகங்களை எடுத்தே நாடறியப் பேர் வாங்கியவள் அவள். பிலிம் கழுவுவது தம்பியின் வேலை. ஒருவரை எடுக்கும் நான்கு பிலிம் தாளில் தேறியதை மட்டும் காட்டி, மற்றதை ஒளித்துவிடுவான். போன வாரம் நான்குமே தேறவில்லை. கழுவும்போது கெட்டுப்போனதாகச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அக்கா தொழிலையே விட்டுவிடுவாள் என்று பயம்.

அதனால்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண் இன்று மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள்.

எதிரே 'யானை' நின்றது. வீட்டில் அந்தப் பெரிய மரக் கேமராவுக்கு அதுதான் பேர். பின்பக்கக் கண்ணாடியில் முகம் தலைகீழாக, மங்கலாக விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அதைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். பிலிம் தாளைச் செருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். பிறகு யாராலும் கேமரா வழியே எதையும் பார்க்க முடியாது.

அக்கா துணிக்குள் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தாள். "பிலிமைப் போடு."

"இரு, தூசி இருக்கான்னு பாத்துடறேன்." தம்பி உள்ளே புகுந்து, இமை முடி தெளியும்வரை ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பினான்.

"தூசி பாக்கறவன் எதுக்குடா திருகைத் தொடற?"

அவன் துணிக்குள்ளிருந்தே சொன்னான். "கண்ணு விழலைக்கா. மூணு மாசமா காதுதான் விழுது."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். "இருபது வருஷமா ஒரு தாளைக்கூடக் கெடுக்காதவன், ஒரே நாள்ல நாலு கெடுத்தேன்னு சொன்னப்பவே நினைச்சேன். உனக்குப் பொய்கூட ஒழுங்கா வராது. டாக்டர் கண்புரைன்னு சொன்னதை நானும்தான் மறைச்சேன்." கேமராவைக் காட்டினாள். "யானையைக் கட்டி வச்சிடு."

"அய்யய்யோ, எனக்கு இன்னொரு தடவை லீவு தரமாட்டாங்கம்மா," என்றாள் கிரேன்காரி. "மேல உக்காந்தா கீழ பாதி இடம் எனக்குத் தெரியாது. ஒருத்தன் கை காட்டுவான், நான் இறக்குவேன். அதுக்காக அவனா கிரேன் ஓட்டறான்?"

அக்கா அவளையே பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அந்த முகத்தில் நேராக விழுந்திருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா நல்லாத்தான் தெரியறீங்க. டேய், கண்ணாடியை நீ பாத்துக்கோ."

தம்பி ஃபோகஸைச் சரிபார்த்து பிலிமைச் செருகினான். அக்கா ஷட்டரை அழுத்தும் ஒயரைப் பிடித்தபடி லென்ஸ் பக்கத்தில் நின்றாள்.

"அவன் தப்பா கை காட்டினா?"

"இறங்கி வந்து நாலு வார்த்தை கேப்பேன்."

சொல்லி முடித்து, சிரிப்பு இன்னும் கிளம்பாத அந்த நொடியில் அக்கா அழுத்தினாள்.

சாயங்காலம் தம்பி அன்று எடுத்த நான்கு நெகட்டிவையும் ஈரத்தோடு கொண்டுவந்தான். மூன்றில் இமை முடியை எண்ணலாம்.

"நாலாவது?"

"நீதான் அவங்களைச் சிரிக்க வச்சு ஆட்டிட்டே."

"அப்ப இந்தத் தடவை பழி உன்மேல இல்ல." அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்குத் தேதி கேளு. வியாழக்கிழமை மட்டும் வேணாம், ஒருத்தரைப் படம் எடுக்கணும்."