துணி காயும் காற்று

“இன்னைக்கே எடுத்துடணும் பெரியப்பா.”

மகள் கேட்டே விட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று காலையில் பல் துலக்கும்போதே அப்பா கெஞ்சியிருந்தார். கூடத்தில் பேச்சு நின்றது. ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

பெரியப்பா டீ டம்ளரைத் தரையில் வைத்தார். “யாரை?” என்றார், தெரியாதவர் போல.

“அம்மாவைத்தான். வேற யாரு இங்க படுத்திருக்கா?”

“உங்கண்ணன் வர வேணாமா?”

“வரட்டும். வந்தா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். அதுவரைக்கும் அம்மா எதுக்கு ஐஸ்ல கெடக்கணும்?”

“பாத்தியாடா?” பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். “பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பாதேன்னு அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன். இப்ப செத்தவளுக்கே டைம்டேபிள் போடுறா.”

அப்பா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓட்டி முதுகு போனவர். கூடப்பிறந்தவர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவர். தரையில் இல்லாத ஒரு கறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுக்கும் சலவைக் கூடத்தில் அம்மாவுக்கு மொட்டைமாடி வேலை. கீழே எந்திரம் பிழிந்து தள்ளுவதை மேலே பன்னிரண்டு கம்பிகளில் உலர்த்தி எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம். மேற்பார்வையாளர் போனைப் பார்த்துக்கொண்டே கீழிருந்து கத்துவார்: “மூணு மணிக்கு மழையாம், போடாதே!” அம்மா எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். “இப்ப காத்து இருக்கு சார். மூணு மணியை மூணு மணி பாத்துக்கும்.” பல நாள் இரண்டரைக்கே எல்லாம் காய்ந்து மடிந்து கூடையில் இருக்கும். சில நாள் நனையும். நனைந்தால் மறுபடி பிழிவாள், அவ்வளவுதான். அங்கே அவளுக்குக் காத்தாடி என்று பேர்.

நேற்று மதியம் கடைசிக் கம்பியையும் நிரப்பிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, “கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்றவள்தான். காய்ந்ததை எடுக்க ஆள் வந்தபோது அம்மா கம்பி கட்டிய தூணில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தாள். டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மாவைத்தான் கண்ணாடி மூடி போட்டு, ப்ளக்கில் செருகி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வரைக்கும். இன்று செவ்வாய்.

“எட்டு வருஷமா அவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தவ,” என்றார் பெரியப்பா. “இன்னும் நாலு நாள் இருக்க மாட்டாளா?”

“அம்மா காத்துக்கிட்டு இருக்கலை. நீங்கதான் காத்துக்கிட்டு இருந்தீங்க.”

அது பொய்யில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போன அண்ணன் மூன்று வருடம் முன்பு வருகிறேன் என்றான். வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அவன் படுக்க நீலக்கரை போட்ட புது விரிப்பு ஒன்று வாங்கினாள் அம்மா; ஊரார் விரிப்பையே தொட்டுக்கொண்டிருந்தவள் தன் வீட்டுக்கென்று வாங்கிய ஒரே விரிப்பு. வருவதற்கு முந்தைய நாள் போன் வந்தது. லீவு இல்லையாம், அடுத்த மாசம் பார்க்கலாமாம். அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு விரிப்பை உறையிலிருந்து உருவி உதறித் தரையில் போட்டு நீட்டிப் படுத்தாள்.

“அண்ணனுக்கு வாங்கினதும்மா.”

“அவன் வந்தா அவன் படுக்கட்டும். இப்ப நான் இருக்கேன். வா, வந்து படு. புதுத்துணி வாசனை இன்னைக்குத்தான் இருக்கும்.”

அன்றிலிருந்து அந்த விரிப்பில்தான் தூங்கினாள்.

இதையெல்லாம் மகள் கூடத்தில் நின்று கத்தினாள். குரல் உடைய உடையக் கத்தினாள். அவள் ஒரு முழம் ஏறினால் பெரியப்பா இரண்டு முழம் ஏறினார். ஊர் என்ன சொல்லும் என்றார். பெத்த பையன் முகம் பார்க்காத பாவம் உன்னைச் சும்மா விடாது என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு, ஆனாலும் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் கொடுக்கிற தெம்பில்தான் மனுஷன் நின்றுகொண்டிருக்கிறார்.

கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. தாவோ வழி சொன்ன பழைய சீன ஞானிகளைப் பற்றியது. பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவளிடம் அம்மா கேட்டாள், “தாவோன்னா என்னடி?”

“வழின்னு அர்த்தம்.”

“எங்க போற வழி?”

“அதைச் சொல்ல மாட்டாங்க.”

“நம்ம ஆட்டோக்காரர் மாதிரியா?”

சிரித்து முடித்த பிறகு அவள் விளக்கினாள். தண்ணீர் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லையாம், இறங்குகிற பக்கம் இறங்கிப் போய்விடுமாம். வம்படியாகத் தள்ளாமல், இந்த நேரம் எது நடக்கிறதோ அதோடு கூடவே போகிறவனுக்குக் காரியம் தானாக முடியுமாம். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தி மகளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “காத்தடிக்கும்போது துணியைப் போடுன்னு சொல்றார். இதுக்கா மூணு வருஷம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனே?” அதன் பிறகு எதற்கெடுத்தாலும், “உன் சீனத்துக் கிழவரு இதுக்கு என்ன சொல்றாரு?” என்று கேலிதான்.

கூடத்தில் கத்திக்கொண்டிருந்தவள் அதை நினைத்ததும் வாயை மூடினாள்.

“என்ன, பதிலைக் காணோம்?” என்றார் பெரியப்பா.

அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மயானத்தில் ஒரு மணிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அம்மா பேரைச் சொன்னாள். வண்டிக்குச் சொன்னாள். சந்துக்குள் வராது, முனையில்தான் நிற்கும் என்றார்கள். நிற்கட்டும் என்றாள். கொடியில் நீலக்கரை விரிப்பு தொங்கியது. நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா தோய்த்துப் போட்டது. காய்ந்து மொறமொறவென்றிருந்தது. முகத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டாள்.

உள்ளே வரும்போது சலவைக் கூடத்துப் பெண்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணி நேரம் அனுமதியாம். முன்னால் நின்றவள் இஸ்திரி அக்கா, வலது கை இடதைவிடப் பருத்தவள். பெட்டிக்குள் பார்த்தாள். “ஏய் காத்தாடி, உன்னைப் போய் அடைச்சு வச்சிருக்காங்களே,” என்றாள். அழுகை வந்ததும் சேலைத் தலைப்பால் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டாள். அவள் பார்வை மகள் கையிலிருந்த விரிப்பில் விழுந்தது.

“காத்தாடி சொல்லிக்கிட்டே இருப்பாளே, அந்த விரிப்பு இதுவா?”

“இதுதான்.”

“சுருக்கமா இருக்கே. வீட்ல இஸ்திரிப் பெட்டி இருக்கா?”

இருந்தது. கூடத்து மூலையில் போர்வையை மடித்துப் போட்டு இஸ்திரி அக்கா தேய்க்க உட்கார்ந்தாள். ப்ளக் ஒன்றுதான், அதில் ஃப்ரீசர் பெட்டி செருகியிருந்தது. வயரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சுற்றிலும் பார்த்தாள்.

“யாராவது அதுல கையை வைங்க பாப்போம்,” என்றார் பெரியப்பா.

யாரும் வைக்கவில்லை. மகள் ஒரு துணியை எடுத்து, கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்திருந்த ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க அம்மாவின் மூக்கு தெரிந்தது. பிறகு, பாதி நரைத்த புருவம். பெரியப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு என்றுதான் தெரியவில்லை.

அப்பா ஒரு கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார். முதுகு நிமிர வழக்கம்போல நேரமாயிற்று. நான்கு எட்டு நடந்து, குனிய முடியாமல் குனிந்து, ப்ளக்கைப் பிடுங்கினார்.

இரைச்சல் நின்றது. அது எவ்வளவு பெரிய சத்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே ஏதோ கதவு ஆடும் ஒலி கேட்டது.

“டேய்!” என்றார் பெரியப்பா.

“அவளுக்குப் புழுக்கம் ஆகாதுண்ணே,” என்றார் அப்பா. “ஜன்னல் சாத்தினாலே திட்டுவா.”

இஸ்திரி அக்கா வயரைச் செருகினாள். மற்ற நால்வரும் மூடியைத் திறந்தார்கள்.

மகள் அண்ணனைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, ஒரு மணிக்கு எடுக்கறோம்.”

“சனிக்கிழமை டிக்கெட் கெடச்சிடும்னு...”

“கெடச்சா வா. அம்மாவுக்காக இல்ல, எங்களுக்காக வா. அப்பா இருக்கார், நான் இருக்கேன்.”

எந்திரச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு, “முகம் பாக்கலையேம்மா...”

“இப்ப பாரு.”

வீடியோவைப் போட்டு அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்தாள். அண்ணன் பார்த்தான். வாய்விட்டு அழுதான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் அடுத்த மாசம் என்று சொல்லவில்லை.

“ஒரு மணிக்கு எந்த வேலை ஓடினாலும் நிறுத்திட்டுச் சும்மா நில்லு. போதும்.”

“நிக்கறேன். நீ தூக்கிடு. எனக்கும் சேத்து.”

ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா டீ டம்ளரைத் தேடி எடுத்தார். உள்ளே டீ ஆறி ஆடை படிந்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. குளிர்ந்து கிடந்த உடம்பை அதில் கிடத்திச் சுற்றினார்கள். நீலக்கரை கழுத்தருகே வருமாறு இஸ்திரி அக்கா இரண்டு முறை சரி செய்தாள். சுருக்கம் ஒன்றுகூட விழவில்லை.

“சரி, தூக்கப்போறது யாரு?” பெரியப்பா கடைசியாகக் கேட்டார். “முனை வரைக்கும் போகணும். ஆம்பளை ஆள் வேணாமா?”

“ஈரத்துணி ஒரு கூடை முப்பது கிலோ சார்,” என்றாள் இஸ்திரி அக்கா. “தெனம் நாப்பது கூடை. அத்தனையையும் எங்ககிட்ட வாங்கிப் போட்டவ இவ. எங்களுக்கா கனப்பா?”

சிரிப்பு வந்தது ஒருத்திக்கு. அடக்கப் பார்த்து, முடியாமல், வாயில் தலைப்பை வைத்துக்கொண்டாள். அப்பாகூட உதட்டைக் கடித்தார்.

மூங்கில் படுக்கையின் முன்பக்கம் வலது தோளை மகள் கொடுத்தாள். இடது தோள் இஸ்திரி அக்கா. தூக்கியதும் எடை தோளில் இறங்கி உட்கார்ந்தது. அப்பா பக்கவாட்டில் ஒரு கையை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டார்.

பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். அவள் விலகச் சொல்லவில்லை. அவர் மேல் மோதவுமில்லை. ஒரு காலை எடுத்து வைத்தாள், அடுத்த காலுக்கு இடம் வரும்வரை நின்றாள். அவர் டம்ளரோடு ஓரம் நகர்ந்தார். அங்கேயே நின்றுவிட்டாரா, தானும் சேர்ந்து வந்தாரா, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தில் இரண்டு பக்க மாடிகளிலும் துணி ஆடிக்கொண்டிருந்தது. தோளுக்கு மேலே விரிப்பின் ஓரம் ஒன்று எப்படியோ கழன்று படபடத்தது. இஸ்திரி அக்கா அதை நிமிர்ந்து பார்த்தாள். செருகவில்லை.