கடைசி பெஞ்சில் ஒரு கை

அரசாங்கக் கார் வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்பதரை. வெள்ளைச் சீருடை டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏற வேண்டிய ஆளைத்தான் காணவில்லை. பதினோரு மணிக்கு நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்க வேண்டிய மனிதர்! வீட்டம்மா மாடி, குளியலறை, புத்தக அறை என்று ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை. குடையும் இல்லை, கோட்டும் இல்லை. காலண்டரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். இன்று செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு இறுதியாண்டு தத்துவ வகுப்பு. மனுஷன் வழக்கம்போல பஸ் பிடித்துப் போய்விட்டார்!

“காலேஜுக்கு விடுங்க தம்பி, சீக்கிரம்!”

“அம்மா, எனக்கு அப்படி உத்தரவு இல்லையே...”

“அவரு இல்லாம அங்க போய் யாரை இறக்கி விடுவீங்க? என்னையா?”

கார் பறந்தது. வீட்டம்மாவுக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஊரே அவரைப் பெரிய ஞானி என்கிறது. மூன்று நாடுகளுக்குத் தூதராகப் போய்ப் பேர் வாங்கி வந்தவர். ஆனால் காலேஜுக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்தவன் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை.

வகுப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு அட்டெண்டர் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள தாழ் போட்டாச்சும்மா. ஒன்பது மணிக்கு மேல யாரு தட்டினாலும் சாருக்குக் காது கேக்காது. போன மாசம் ஒரு மந்திரியே இதே ஸ்டூல்ல முக்கால் மணி நேரம் உக்காந்துட்டுப் போனாரு.”

“அப்ப எப்படித்தான் நிறுத்துறது?”

“யாராவது கேள்வி கேட்டா நிறுத்துவாரு. லேட்டா வர்ற பசங்களுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. வாங்க.”

கல்யாணமான புதிதில் கணவர் அவளிடம், “ஒரு நாள் உன்னை என் க்ளாஸ்ல கொண்டுபோய் உக்கார வைக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். பரீட்சை, மாநாடு, தூதரகம் என்று அந்த ஒரு நாள் முப்பத்தோரு வருஷம் தள்ளிப்போயிருந்தது. இப்போது பதவியேற்புக்கென்று வாங்கிய புதுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருடி மாதிரி குனிந்து உள்ளே போனாள். கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சு ஆன்ட்டி” என்று ஒருத்தி காதோரம் கிசுகிசுத்தாள்.

அடடா, இவரா அவர்? வீட்டில் செருப்பைத் தேடத் தெரியாதவர், இங்கே சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஒருத்தன் வாக்குக் கொடுக்கிறான். பத்து வருஷத்துல அவன் உடம்பு மாறுது, ஆசை மாறுது, புத்தி மாறுது. வேற ஆளாவே ஆயிடுறான். அப்போ இந்தப் புது ஆள் அந்தப் பழைய ஆளோட வாக்கை எதுக்குக் காப்பாத்தணும்?”

வீட்டம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. முப்பத்தோரு வருஷமாகத் தனக்குப் புரியாது என்று நினைத்திருந்தாளே! எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. வெளியே ஹார்ன் அடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். சட்டென்று கையைத் தூக்கினாள்.

“கடைசி பெஞ்ச்... கேளுங்க” என்றார். கண்ணாடி போடாத கண்ணுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

நேரமாகிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“சார், கொடுத்தவரு மாறிட்டாரு, சரி. அதை நம்பி முப்பத்தோரு வருஷமா வெளியவே நிக்கிறவ மாறலையே. அவளுக்கு என்ன பதில்?”

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

“இதுக்குப் பதில் தெரியாம, பதினோரு மணிக்கு நான் எப்படி உறுதிமொழி எடுக்கிறது?” என்றார் மெதுவாக. “எவ்வளவு நேரம் இருக்கு?”

“போற நேரம் போக, அஞ்சு நிமிஷம்.”

“தள்ளி உக்காரு.”

பின்பக்கக் கதவில் டிரைவர் வந்து நின்றார். அட்டெண்டர் உதட்டில் விரலை வைத்து, கையோடு கொண்டுவந்த ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். பெஞ்ச் ஓரத்தில் மாணவனைப் போலக் கன்னத்தில் கை வைத்து, அவள் சொல்லப்போகும் பதிலுக்காகக் கணவர் காத்திருந்தார். தூக்கிய கையை வீட்டம்மா இன்னும் இறக்கவில்லை.