முப்பது பேர் திரும்பினார்கள்

முன்னால் மூன்று பெண்கள் கைகோத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு துணிப்பைகளோடு, பிரிக்ஃபீல்ட்ஸ் அஞ்சடியை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். அதை நடை என்று சொன்னால் நடைக்கே அவமானம். ஒரு நத்தை அவர்களை முந்திப் போய், தே தாரே டீ குடித்து, திரும்பியும் வந்திருக்கும்.

"வழி விடுங்கம்மா! ரதம் இழுக்குறீங்களா?" என்றார் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி.

எண்பத்து மூன்றாம் வருஷம், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் அந்த ஐந்தடி நடைபாதையில், மலேசியாவிலுள்ள தமிழரில் பாதிப்பேர் நிற்பதற்கென்றே வந்துவிட்டதாகத் தம்புசாமிக்குப் பட்டது. அவருக்குப் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கிள்ளான் ஆஸ்பத்திரியில் மைத்துனர் சின்னையாவுக்கு மூன்று மணிக்கு வயிற்றில் ஆப்பரேஷன். "அதுக்கு முன்னால தங்கச்சிய ஒரு தடவ பாத்துடணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பார்க்க வந்தவர்களை இரண்டு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கல்யாணமான முப்பத்தொரு வருஷமாகத் தம்புசாமி முன்னால் போவார், பவுனம்மாள் பத்தடி பின்னால் வருவாள். அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்ப்பானேன்? அவள் செருப்புச் சத்தம் அவருக்கு ரயில் சத்தம் மாதிரி, தூக்கத்திலும் தெரியும். இப்போதும் சரக், சரக் என்று பின்னாலேயே வந்தது. "வெரசா வா, வெரசா வா" என்று காற்றிடம் சொல்லிக்கொண்டே, முழங்கையால் ஊரைப் பிளந்து, கிளம்பவிருந்த பஸ்ஸில் தாவி ஏறினார். செருப்பும் ஏறியது.

"கிள்ளான், ரெண்டு" என்று கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

"ஐயோ அங்கிள், எனக்கு எதுக்கு டிக்கெட்டு எடுக்குறீங்க? எங்க வீட்டுக்காரர் கேட்டா கொன்னுடுவாரு லா!"

திரும்பினார். யாரோ ஒரு பெண். பஸ் முழுக்கச் சிரித்தது.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, வந்த வழியே ஓடினார். துணிக்கடைத் தூண் ஓரம் பவுனம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்கால் பலாக்காய்போல் வீங்கியிருந்தது. பக்கத்தில் பூக்கட்டும் மாரியாயி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க வீட்டுக்காரரா நீங்க? கால் பெரண்டு விழுந்துட்டு 'என்னங்க, என்னங்க'ன்னு தொண்ட கிழியக் கூப்ட்டாங்க. அஞ்சடியில இருந்த முப்பது ஆம்பளயும் திரும்பிப் பாத்தான். நீங்க ஒருத்தர்தான் பாக்கல."

"பேரச் சொல்லிக் கூப்ட்ருக்கலாம்ல?" என்றார் தம்புசாமி. சொன்னதுமே வாயைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் பேரை அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

பவுனம்மாள் அழவில்லை. "மணி என்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த பஸ் ஒன்றேகாலுக்குத்தான். வழியெல்லாம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை தெருக்களில், எத்தனை சந்தைகளில் தன் முதுகைப் பார்த்து அவள் கூப்பிட்டிருப்பாள் என்று தம்புசாமி நினைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு பத்து.

"டைம் முடிஞ்சிருச்சு ஆன்டி. நாலரைக்கு வாங்க" என்றார் காவல்காரர்.

"மூணு மணிக்கு ஆப்பரேஷன் தம்பி. ரெண்டே நிமிஷம். நா வரல, அவள மட்டும் விடுங்க லா."

"ரூல்ஸ் அங்கிள். பத்து நிமிஷம் முந்தி வந்திருக்கலாம்ல?"

பவுனம்மாள் அதற்குள் நொண்டிக்கொண்டே கம்பி வேலியோரம் போய்விட்டாள். மூன்றாம் மாடி, ஆண்கள் வார்டு. தலையை அண்ணாந்தாள்.

"அண்ணே!"

அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது தம்புசாமிக்குத் தெரியாது. புறாக்கள் கலைந்தன. மேலே ஜன்னல்களில் ஒரே மாதிரி பச்சைச் சட்டை போட்ட மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். பிறகு மற்ற இருவரும் தூக்கினார்கள்.

"இதுல யாருங்க எங்கண்ணன்?"

தம்புசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பவுனம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, மூன்று ஜன்னலுக்கும் மாறி மாறிக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.