வேப்பிலைப் போஸ்டர்

மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், கல்யாணம் என்றாலும் போஸ்டர், கண்ணை மூடினாலும் போஸ்டர். ஒட்டிய பசை காய்வதற்குள் மாடு வந்து பாதி மாப்பிள்ளையைத் தின்றுவிட்டுப் போய்விடும். கோச்சடையில் பிறந்து வளர்ந்த டயானா இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கடைசி வருட ஆராய்ச்சிக்குத் தலைப்புப் பிடித்தாள்: கால்நடைகள் தின்னாத போஸ்டர் காகிதம்.

திருமங்கலம் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் காகிதத் தொழில்நுட்பம் படிக்கிறாள். ஆராய்ச்சியில் கூட்டாளி மெர்வின். இருவரும் வைக்கோலை வேகவைத்துக் கூழாக்கி, வேப்பிலைச் சாற்றைக் கலந்து, சல்லடையில் வார்த்துத் தாள் தாளாக எடுத்தார்கள். தெருவில் திரிந்த மாடு ஒன்றுக்கு டயானா ஒரு தாளை நீட்டினாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்புட்டுத்தான், 'கால்நடைகள் தின்னாத காகிதம்' என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் அடித்துவிட்டார்கள். ஆட்டைப் பிரியாணியில் மட்டுமே பார்த்த பிள்ளைகள், வேறென்ன செய்யும்!

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. தேர்வாளராக வந்த கண்ணுச்சாமி, காகித ஆலை ஒன்றில் பெரிய அதிகாரி. அவர் உதட்டைப் பிதுக்கினால் இன்னும் ஆறு மாதம் படிப்பு. டயானாவுக்குக் கிடைத்திருந்த வேலையும் அம்பேல். மெர்வின் சும்மா இருப்பானா? தாங்கள் செய்த தாளிலேயே, கரியும் கஞ்சியும் கலந்த மையில் அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்து, 'காகித உலகின் ஆலமரமே, வருக வருக!' என்று ஆய்வுக்கூடத்தின் வெளிச்சுவரில் மைதாப் பசையால் ஒட்டிவிட்டான்.

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். மீசையைத் தடவிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"கசப்புக்கு என்னம்மா சேத்தீங்க?"

"வேப்பிலை சார். எந்த ஆடுமாடும் கிட்ட வராது," என்றாள் டயானா.

கண்ணுச்சாமி விவசாயக் குடும்பத்துக்காரர். வந்த சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். "மாட்டுக்குக் காட்டிட்டீங்க, சரி. ஆட்டுக்கு?"

டயானா மெர்வினைப் பார்த்தாள். மெர்வின் வானத்தைப் பார்த்தான்.

"போங்க தம்பி, ஒண்ணப் புடிச்சிட்டு வாங்க."

கல்லூரிக் காவலாளியின் வெள்ளாடு பின்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. மெர்வின் அதைக் கயிற்றோடு இழுத்து வந்தான். சுவர் கண்ணில் பட்டதும் ஆடு அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. முன்னங்காலைச் சுவரில் தூக்கி வைத்து, மீசையிலிருந்து ஆரம்பித்தது. பிறகு மூக்கு, கண்ணாடி. ஆலமரத்தையும் விட்டுவைக்கவில்லை.

"ஆட்டுக்கு வேப்பங்குழைன்னா அல்வா மாதிரில்லம்மா!" என்றார் கண்ணுச்சாமி, தன் நெற்றி போவதைப் பார்த்தபடி.

டயானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயே போச்சு. "ஒரு மாட்டப் பாத்துட்டு எல்லாக் கால்நடையும்னு எழுதினது என் தப்புதான் சார்," என்றாள்.

சொல்லும்போதே அவள் கண் சுவரில் நின்றது. போஸ்டர் இருந்த இடம் பளிச்சென்றிருந்தது. பசையைக்கூட ஆடு நக்கியிருந்தது. பக்கத்தில் போன வருடத்துக் கலைவிழா போஸ்டர் இன்னும் கிழிந்து தொங்கியது.

"சார்! நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்டத்தான் ஆளிருக்கு, எடுக்க ஆளில்ல. விசேஷம் முடியிற வரைக்கும் தெருமாடு தொடாது. முடிஞ்சதும் ஆட்ட அவுத்துவிட்டாச் சுவரு சுத்தம்!"

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதா?"

ஆகாது என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டாள். "தெரியாது சார். கால்நடை டாக்டர்கிட்டக் கேட்டு, நாலு ஆடு, நாலு மாட்டுக்கிட்டச் சோதிச்சிட்டுத்தான் எழுதுவேன். தெருமாடு தொடாதுங்கிறதையும் சேத்துத்தான்."

கண்ணுச்சாமி பேனாவைத் திறந்தார். "இதத்தாம்மா எதிர்பாத்தேன். பாஸ். தலைப்ப மட்டும் மாத்திருங்க."

டயானா சிரித்துக்கொண்டே அழுதாள். மெர்வின் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கிளம்பும்போது கண்ணுச்சாமி திரும்பி நின்றார். "தம்பி, அந்தப் போஸ்டர் இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு சார்! எதுக்கு சார்?"

"வீட்டுக்குத்தான். எங்க வீட்ல ஆடும் நிக்கிது, மாடும் நிக்கிது. மாட்டுக் கொட்டத்துல ஒட்டிக்கிறேன்."